ரிப்போர்ட்டை நாங்கள் எழுதுவதா, அவர்களே அமைப்பதா?

திருகோணமலையில் மீன் மொத்த வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். முதலில் எல்லா ரிப்போர்ட்டையும் நாங்களே புரோகிராம் கோடில் எழுதினோம். வேகமாக ஓடும், கூட்டுத்தொகை பிழையாகாது. ஆனால் "தம்பி, அறுக்குளா மீனைப் படகுவாரியாப் பிரிச்சுத் தாங்கோ" என்று கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அழைப்பு வந்தால், ஒரு கொலத்துக்காக (அட்டவணையின் ஒரு நெடுவரிசைக்காக) புது வெர்ஷனே போட வேண்டும்.

மற்ற வழி, ரிப்போர்ட்டை அவர்களே வடிவமைக்கும் கருவியான ரிப்போர்ட் டிசைனரையும் சேர்த்துக் கொடுப்பது. மைக்ரோசொஃப்ட் ரிப்போர்ட் பில்டரில் வடிவமைப்பு ஆர்.டி.எல். என்ற தனி எக்ஸ்.எம்.எல். கோப்பில் இருக்கும், மென்பொருளைத் தொடவே தேவையில்லை. கணக்கு எழுதும் அக்கா தானே கொலத்தை இழுத்து வைக்கலாம்.

சரி, ஆபத்து எங்கே? பில் அட்டவணையையும், பில்லிலுள்ள ஒவ்வொரு மீன் வகையும் தனி வரிசையாக இருக்கும் அட்டவணையையும் அவர் இணைத்தால், மூன்று வகை மீன் உள்ள ஒரே பில்லின் ஐஸ் கட்டணம் மூன்று தடவை கூடிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, தொகை மட்டும் பிழை. அதனால் மூல அட்டவணைகளைக் காட்டக்கூடாது. 'படகு', 'மீன் வகை', 'நிறை' என்று தமிழ்ப் பெயரிட்ட வியூக்களை (தொகை இரட்டிக்காதபடி நாங்களே முன்பே இணைத்து வைத்த அட்டவணைகளை), வாசிக்க மட்டும் அனுமதியுள்ள பயனர் கணக்கில் கொடுக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்ய நேரமிருந்தால் நான் டிசைனரையே தேர்வேன். பில்லும் அரசாங்க வரிக்கான ரிப்போர்ட்டும் மட்டும் எங்கள் கையிலேயே இருக்கட்டும்.