ஆறு நிமிட ஆங்கிலமும் என் மகனின் காதும்

சென்ற ஜூலையில் மகன் மாதிரிப் பரீட்சை விடைத்தாள்களோடு வீட்டுக்கு வந்தான். ஆங்கிலத்தில் வாசிப்பும் எழுத்தும் பரவாயில்லை. செவிமடுத்தல் தாளில் மட்டும் 40க்கு 13. சாப்பாட்டு மேசையில் அதை வைத்துவிட்டுக் கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்மா, அவையள் கதைக்கிறது எல்லாம் ஒரே நீளச் சொல்லு மாதிரிக் கிடக்கு. எங்க வெட்டுறது எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றான்.

அந்த வசனத்தை நான் மறக்கவில்லை. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ என்ற ஒலி நிகழ்ச்சி பற்றிய இந்த மதிப்பீட்டையே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் 2019இல் வவுனியாவிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தோம். அதுவரை அவன் தமிழ் மொழிமூலத்தில் படித்தவன். இங்கே இன்டர்நெஷனல் ஸ்கூல் ஒன்றில் சேர்த்தோம். இப்போது லண்டன் ஓஎல், அதாவது பிரித்தானியாவின் எடெக்செல் நிறுவனம் நடத்துகிற சாதாரண தரப் பரீட்சை, எழுதுகிற வகுப்பு. எடெக்செல் பரீட்சையில் இரண்டாம் மொழி ஆங்கிலம் அவனுடைய பாடம். அதில் செவிமடுத்தலுக்கு மட்டும் மொத்தப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு. சுமார் 50 நிமிடம் ஒலிப்பதிவு ஓடும், ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை கேட்கலாம், அவ்வளவுதான். நான் 1990களில் நம் நாட்டு ஓஎல் எழுதியபோது ஆங்கிலப் பாடம் முழுக்கக் கடதாசியும் பேனையும்தான். காதுக்கு ஒரு பரீட்சை இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

முதலில் ரியூசனுக்குத்தான் அனுப்பினேன். பெயர் வேண்டாம். மாதம் 6,000 ரூபாய். முப்பது பிள்ளைகள், மேலே இரண்டு மின்விசிறி, முன்மேசையில் ரீச்சருடைய போன். அந்தப் போனின் ஸ்பீக்கரில்தான் ஒலிப்பதிவு போட்டார்கள். பின்வாங்கில் இருந்த என் பிள்ளைக்கு விசிறிச் சத்தம்தான் கேட்டது. ஒலிப்பதிவு முடிந்ததும் விடைகளைப் பலகையில் எழுதினார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். ஏன் பிழைத்தது, எந்தச் சொல்லை எப்படிக் கேட்டாய் என்று ஒரு நாளும் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தோடு நிறுத்திவிட்டேன். அந்தக் காசை நினைத்து எனக்குக் கவலையில்லை. போன இரண்டு மாதத்தை நினைத்துத்தான் கவலை.

பிறகுதான் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ கைக்கு வந்தது. 1943இலிருந்து ஆங்கிலம் கற்பித்து வருகிற பிபிசியின் பிரிவு அதை நடத்துகிறது. வியாழன்தோறும் புதிதாக ஒன்று வரும். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளலாம். ஆறு நிமிட ஒலி என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது. இருவர் பேசுவார்கள். தொடக்கத்தில் மூன்று விடைகளோடு ஒரு கேள்வி வைப்பார்கள், அதன் சரியான விடையைக் கடைசியில்தான் சொல்வார்கள். நடுவில் ஆறு சொற்களை எடுத்து விளக்குவார்கள். பேச்சின் எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும்.

இதுவரை நான் சொன்னது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு இது எப்படிப் பயன்பட்டது என்பது வேறு கதை.

மகனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, "காதில விழுறதை அப்பிடியே தமிழ் எழுத்தில எழுது. இங்கிலீசில எழுதாத" என்றேன். இங்கிலீசில் எழுதச் சொன்னால் அவன் தெரிந்த சொல்லைத் தேடி எழுதுவான். காது கேட்டது மறைந்துபோகும். தமிழில் எழுதினால் கேட்டதுதான் வரும். முதல் நாள் அவன் எழுதியவற்றில் சிலது: எலொட்டவ். கைன்டவ். ஷுடவ். டேர்னிடொஃப். இந்த நாலையும் அகராதியில் தேட முயன்று களைத்துப் போயிருந்தான். எழுத்து வடிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ‘எ லொட் ஒஃப்’, ‘கைண்ட் ஒஃப்’, ‘ஷுட் ஹாவ்’, ‘டேர்ன் இட் ஒஃப்’. எல்லாம் அவனுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த சொற்கள்! கண்ணுக்குத் தெரிந்த சொல்லைக் காதுக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்குப் புணர்ச்சி விதி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் படித்ததுதான். கடல், அலை சேர்ந்தால் கடலலை. மெய்யில் முடிகிற சொல்லின் மேல் உயிர் ஏறிக்கொள்கிறது. ‘டேர்ன்’ முடிவில் உள்ள ன் மேல் ‘இட்’டின் இகரம் ஏறி ‘டேர்னிட்’ ஆகிறது, அந்த ட் மேல் ‘ஒஃப்’பின் ஒகரம் ஏறுகிறது. மணி, ஓசை சேர்ந்தால் நடுவில் ய் வந்து மணியோசை. ‘சீ’யும் ‘இட்’டும் சேர்ந்தால் ‘சீயிட்’. பூ, இதழ் சேர்ந்தால் வ் வந்து பூவிதழ். ‘கோ’வும் ‘அவுட்’டும் சேர்ந்தால் ‘கோவவுட்’. அதே ய், அதே வ், அதே இடங்கள். மகன் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானேம்மா" என்றான். ஆமாம், தெரிந்ததுதான். இதை ஏன் எந்த ஆங்கில வகுப்பிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தமிழில் இல்லாத ஒன்றும் உண்டு, அதைத் தனியாகப் பழக வேண்டும். பிரித்தானியர் ‘ஐடியா ஒஃப்’ என்பதை ‘ஐடியாரவ்’ என்று சொல்வார்கள். எழுத்தில் இல்லாத ஒரு ர் நடுவில் வந்து நிற்கும். இது மட்டும் அவனுக்குப் பிடிபட மூன்று வாரம் சென்றது.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். கரையோர ரயில் பாதை கூப்பிடு தூரம். பின்னேரம் அலுவலக ரயில்கள் போகிற நேரத்தில் ஒன்றையும் கேட்க முடியாது. அதனால் இரவு ஒன்பது மணி. புறக்கோட்டையில் 900 ரூபாய்க்கு வாங்கிய வயர் உள்ள ஹெட்போன். முதல் நாள் எழுத்தைப் பார்க்காமல் இரண்டே தடவை, பரீட்சையில் போல. அடுத்த நாள் எழுத்தைக் கையில் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு. மூன்றாம் நாள் மறுபடி எழுத்தில்லாமல். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம்தான். ஒரு நாளைக்கு ஐந்து கேட்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பின்னணியில் ஓடுகிறதே தவிர, காது வேலை செய்வதில்லை.

இந்தச் சேவையில் மிகப் பெறுமதியான இடம் எதுவென்று கேட்டால், இரு நிகழ்ச்சியாளர்களும் பேசுகிற இடம் என்று சொல்லமாட்டேன். அவர்கள் கற்பவர்களுக்காகத் தெளிவாகப் பேசுகிறார்கள். நடுவில் பிபிசியின் வேறொரு நிகழ்ச்சியிலிருந்து ஒரு துண்டு போடுவார்கள். ஒரு விஞ்ஞானியோ எழுத்தாளரோ தன் போக்கில் பேசுவார், இடையில் தடுமாறுவார், வசனத்தைப் பாதியில் விட்டுத் திரும்புவார். ஸ்கொட்லாந்துக்காரர் வருவார், அமெரிக்கர் வருவார். பரீட்சையில் பிள்ளைகளைக் கவிழ்ப்பது இந்த மாதிரிப் பேச்சுத்தான். நாங்கள் அந்தத் துண்டை மட்டும் பத்துத் தடவை கேட்ட இரவுகள் உண்டு.

இன்னொன்று. எழுத்து வடிவத்தின் தலைப்பிலேயே, இது சொல்லுக்குச் சொல் எழுதியது அல்ல என்று போட்டிருப்பார்கள். முதலில் அதைக் குறையாகத்தான் நினைத்தேன். இரண்டாம் வாரம் மகன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, பேப்பரில இருக்கிற சொல்லை அந்த ஆள் சொல்லேல்லை" என்றான். திரும்பக் கேட்டோம். அவன் சொன்னது சரி. ஜூலையில் வசனத்தை எங்கே வெட்டுவது என்று தெரியாத பிள்ளை, இப்போது எழுத்தையே நம்பாமல் தன் காதை நம்புகிறான். அதற்குப் பிறகு அந்த வித்தியாசங்களைச் சிவப்புப் பேனையால் குறிப்பதை அவனே ஒரு பழக்கமாக்கிக்கொண்டான்.

இதில் கிடைக்காதவையும் உண்டு. பரீட்சையில் திகதி, விலை, போன் இலக்கம், எழுத்துக்கூட்டிச் சொல்கிற பெயர் எல்லாம் வரும். இந்த நிகழ்ச்சி உரையாடல் சார்ந்தது, இலக்கங்கள் குறைவு. இலக்கத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிய பழைய பரீட்சைத்தாள் ஒலிப்பதிவுகளைத்தான் பாவித்தோம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. நான் காலி வீதியில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். போனில் யாராவது ‘ஃபிஃப்டி’ என்று சொன்னால் நாங்கள் அப்படியே எடுக்கமாட்டோம். ‘ஃபைவ் சீரோவா, வன் ஃபைவ்வா’ என்று திருப்பிக் கேட்போம். 15 மில்லிகிராமுக்கும் 50 மில்லிகிராமுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனிதரின் உயிர். பரீட்சையில் திருப்பிக் கேட்க வழியில்லை. அதனால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று மகனுக்குப் பழக்கினேன். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் கடைசி அசை அழுத்தி நீளும், ‘ஃபிஃப்டி’ என்பதில் முதல் அசை அழுத்தும், கடைசி சுருங்கும். நாங்கள் தமிழில் அசைகளுக்கு இப்படி அழுத்தம் கொடுத்துப் பேசாததால் எங்கள் காது இதைத் தேடுவதில்லை. மருந்துப் பெட்டிகளைப் பார்த்து நான் வாசிக்க, அவன் எழுதுவான். இருபது பெட்டியில் இருபதும் சரியாக வர ஒரு மாதம் எடுத்தது.

வேகமான பேச்சுக்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு வாய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் மெதுவான ஆங்கிலப் பதிவுகளைப் பலர் சொல்வார்கள். 1959இல் தொடங்கிய முறை அது. 1,500 அளவான அடிப்படைச் சொற்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நாங்களும் இரண்டு வாரம் கேட்டோம். பயம் தெளிய அது நல்லது. ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும், எங்கள் பிரச்சினையோ ஒட்டுகிற இடத்தில். ஆகவே அங்கே அதிக நாள் நிற்கவில்லை.

வாசிப்புக்கும் அதே எழுத்து வடிவத்தையே எடுத்தோம். கேட்டு முடித்த பிறகு நான் ஐந்து கூற்றுகள் எழுதிக் கொடுப்பேன்: உண்மையா, பொய்யா, சொல்லப்படவில்லையா. இந்த மூன்றாவதில்தான் அவன் விழுவான். தனக்கு உலக அறிவில் தெரிந்ததைக் கட்டுரையில் இருந்ததாக நினைத்துவிடுவான். ஒவ்வொரு விடைக்கும் எந்த வரி என்று கோடு போடச் சொன்னேன். கோடு போட வரி கிடைக்காவிட்டால் அதுதான் விடை. கொஞ்சம் பழகிய பின் சனிக்கிழமைகளில் கொழும்பு பொது நூலகத்துக்குப் போய் ஆங்கிலப் பத்திரிகைகளின் நீண்ட கட்டுரைகளை நேரம் வைத்து வாசித்தான். அங்கே உள்ள அமைதி எங்கள் வீட்டில் கிடைக்காது.

யாருக்கு இதைச் சொல்வேன்? வாசிக்கத் தெரிந்தும் கேட்டு விளங்காத பிள்ளைகளுக்கு. அடிப்படைச் சொற்களே தெரியாத பிள்ளைக்கு இது கடினம், முதலில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகங்களை முடிக்கட்டும். அதோடு, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். ஆங்கிலம் சரளமாக வரவேண்டும் என்றில்லை, எனக்கும் வராது. நிறுத்துகிற பொத்தானை அழுத்தி, "இப்ப என்ன கேட்டது?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

ஜனவரியில் நடந்த மாதிரிப் பரீட்சையில் செவிமடுத்தலுக்கு 29. பிழைத்த பதினொன்றில் நான்கு எழுத்துப்பிழை, அது இப்போது வேறு வேலை. கீழ்மாடியில் இருக்கிற அக்காவின் மகள் அடுத்த வருடம் இதே பரீட்சை எழுதுகிறாள். போன ஞாயிறு மகனிடம் கொப்பியைக் கேட்டு வந்தாள். அவன் கொப்பியைக் கொடுக்கவில்லை. தன்னுடைய பழைய ஹெட்போனையும், வெறுமையான ஒரு கொப்பியையும் கொடுத்து, "தமிழில எழுதுங்கோ தங்கச்சி, பிறகு நான் பாத்துச் சொல்லுறன்" என்றான்.