டாக்சிசைக்ளின்: தண்ணீரிலா, அலகிலா?

சிட்டகோசிஸ் (கிளிகளைத் தாக்கும் பாக்டீரியாத் தொற்று) கண்ட காக்கட்டீல் கிளிக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைப்பது சுலபம். கூட்டமாக வளர்ப்பவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் கசப்பால் குடிப்பது குறைந்தால் மருந்தும் குறையும், உடலும் வறளும். வெளிச்சத்தில் வீரியம் போய்விடுவதால் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

ஒன்றிரண்டு பறவைதான் என்றால் அலகில் கொடுப்பதே மேல். மருத்துவர் கிலோவுக்கு 30 மி.கி. என்று எழுதினால், 90 கிராம் பறவைக்கு நாளொன்றுக்கு 2.7 மி.கி.; மி.லி.க்கு 10 மி.கி. உள்ள சிரப்பில் 0.27 மி.லி. ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சால், பறவையின் இடப்பக்க அலகோரத்திலிருந்து வலப்பக்கம் நோக்கி மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

எந்த வழியானாலும் கூண்டில் கொத்த வைத்திருக்கும் கணவாய் மீனின் ஓட்டை எடுத்துவிடுங்கள்: அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. பறவை தெளிந்துவிட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள். வழக்கமான கெடு 45 நாள்.