முன்னுரிமைப் பட்டியலா, எஸ்கியூஎம்மா?

மகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது என் போன் படங்களை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்தால் போதும், டீச்சரின் குரல் துண்டு துண்டாகத்தான் வரும். பிங் (ஒரு சிறு தரவுத் துண்டு போய்த் திரும்ப ஆகும் நேரம்) போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 18 மில்லிசெகண்ட்; படம் ஏறும்போது 600-ஐத் தாண்டியது. அப்லோடு பாதை நிரம்பி, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் வரிசைகட்டி நிற்கின்றன. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ரூட்டர் ஆப்பிலேயே இருக்கும் கியூஓஎஸ், அதாவது எந்தச் சாதனத்துக்கு முதலிடம் என்ற முன்னுரிமைப் பட்டியல்தான் சுலபம். லேப்டாப்புக்கு 'ஹை', டிவிக்கு 'லோ' என்று வைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் வீடியோ காலும் பேக்கப்பும் ஒரே லேப்டாப்பில் ஓடினால்? போர்ட்டை (எந்த வகை இணைப்பு என்று காட்டும் எண்) வைத்துப் பிரிக்கலாம் என்றால், இன்று பெரும்பாலான டிராஃபிக் 443 என்ற ஒரே போர்ட்டிலேயே போகிறது. லைன் வேகத்தை அதில் சரியாகக் கொடுக்காவிட்டால் வரிசை ரூட்டரில் சேராமல் மோடத்தில் சேரும். அங்கே உங்கள் பட்டியல் செல்லாது.

இரண்டாவது வழியான எஸ்கியூஎம் (ஸ்மார்ட் கியூ மேனேஜ்மென்ட், வரிசை நீளாமல் ரூட்டரே பார்த்துக்கொள்ளும் முறை) யாருக்கும் பதவி கொடுப்பதில்லை. மளிகைக் கடையில் மாதச் சாமான் பட்டியலோடு நிற்பவரின் பின்னால் ஒரு பாக்கெட் பாலுக்கு வந்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை. எஸ்கியூஎம் பயன்படுத்தும் எஃப்கியூ-கோடெல் என்ற வழிமுறை செய்வது இதைத்தான். அதன் உள்ளே இருக்கும் கோடெல், கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்டது. காத்திருப்பு 100 மில்லிசெகண்டாக 5-க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், சில பாக்கெட்டுகளைக் கைவிட ஆரம்பிக்கும். அனுப்புகிறவர் தானாக வேகத்தைக் குறைப்பார். 2018-ல் லினக்ஸ் 4.19-ல் சேர்ந்த 'கேக்' என்ற இன்னொரு வழிமுறை, ஆளுக்கு ஆள் சமமாகவும் பங்கிடும். டோரண்ட்டில் ஐம்பது இணைப்பு திறந்தவருக்கு ஐம்பது பங்கு கிடைக்காது.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ஃபர்ம்வேர் (ரூட்டரை இயக்கும் மென்பொருள்) போட்ட ரூட்டரில், எஸ்கியூஎம் அமைப்பில் 10 எம்பிபிஎஸ் அப்லோடுக்கு 9000 கேபிபிஎஸ் என்று கொடுத்தேன். அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை நம் கையில் இருக்கும். அதே படங்கள் ஏறும்போது பிங் 30-ஐத் தாண்டவில்லை.

எஸ்கியூஎம்முக்காக ஹார்டுவேர் ஆஃப்லோடை (சிபியுவைத் தொடாமல் பாக்கெட்டுகளைக் கடத்தும் வசதி) அணைக்க வேண்டியிருப்பதால் ரூட்டரின் சிபியுவுக்குச் சுமை கூடும். 300 எம்பிபிஎஸ் பிளானில் பழைய ரூட்டர் திணறும். ஃபர்ம்வேர் மாற்ற முடியாத பெட்டி, காப்பாற்ற வேண்டியது ஒரே ஓர் ஆபீஸ் லேப்டாப் என்றால் முன்னுரிமைப் பட்டியலே போதும். மற்ற வீடுகளுக்கெல்லாம் என் ஓட்டு எஸ்கியூஎம்முக்கே.

ரூட்டரின் வைஃபை அமைப்புப் பக்கத்தில் டபிள்யூஎம்எம் என்று ஒன்று இருக்கும்; அது வைஃபைக்குள் இருக்கும் முன்னுரிமை வசதி. அதை அணைக்காதீர்கள், வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால், பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங்கைப் பாருங்கள். பிங் கூடவில்லை என்றால் இரண்டுமே உங்களுக்குத் தேவையில்லை.