மண்ணடி மாடியறையில் அறிவைப் பற்றி ஒரு வகுப்பு: மதிப்புரை

சென்னை மண்ணடி மெட்ரோ நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, கடைகளுக்கு மேலேயுள்ள ஒரு மாடியறையில், இடைக்கால இஸ்லாமிய, யூத மெய்யியலாளர்கள் மனித இயல்பையும் அறிவையும் பற்றிச் சொன்னவற்றைத் தமிழில் கற்பிக்கும் வகுப்பொன்று சனிக்கிழமை மாலைகளில் நடந்துவருகிறது. விளம்பரமோ பெயர்ப்பலகையோ கிடையாது. பெரும்பாலோர் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு வருபவர்களே. அண்மையில் முடிந்த தொடரை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவன் என்ற முறையில், சேர எண்ணுபவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வகுப்பின் முதற்சிறப்பு அதன் அமைப்பு. ஆளுக்கொரு வாழ்க்கை வரலாறு சொல்லிக் கடந்து போகாமல், ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் நூற்றாண்டுகளைக் கடக்கிறார்: நான் ஒன்றை அறிகிறேன் என்றால், அறிவது என்னுள் எது, அது என்னுடையதுதானா, உடல் அழிந்தபின் அது எஞ்சுமா? இந்தச் சிக்கலின் வேர் அரிஸ்டாட்டிலின் ஆன்மா பற்றிய நூலில், மூன்றாம் பகுதியில், சில வரிகளில் இருக்கிறது. எல்லாமாக ஆகக்கூடிய அறிவு ஒன்று, எல்லாவற்றையும் ஆக்குகிற அறிவு மற்றொன்று என்று அவர் பிரித்துவிட்டு, இரண்டாவது மனிதனுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைத் தெளிவாக்காமல் போனார். அந்தச் சில வரிகளைத்தான் பாக்தாத்திலும் ஸ்பெயினின் கோர்தோபாவிலும் கெய்ரோவிலும் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்தார்கள்.

950இல் மறைந்த அல்-ஃபாராபிக்கு ஒதுக்கிய நேரம் நிறைவாக இருந்தது. எல்லாவற்றையும் ஆக்குகிற அந்த இரண்டாவது அறிவு, அதாவது செயலூக்கும் அறிவு, மனிதனுக்கு வெளியே, வானுலக அறிவுகளின் வரிசையில் கடைசியாக, சந்திர மண்டலத்துக்குக் கீழுள்ள உலகை நோக்கி இருக்கிறது என்பது அவருடைய முடிவு. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் கதிரவன் ஒளி இல்லாமல் அது பார்ப்பதில்லை. அதுபோல, பிறக்கும்போது வெறும் ஆற்றலாக மட்டுமே இருக்கும் மனித அறிவை அந்த மேலறிவு ஒளியூட்டிச் செயலுக்குக் கொண்டுவருகிறது, பின்னர் அது ஈட்டிய அறிவாக உயர்கிறது. இதிலிருந்து பிறக்கும் கருத்து எளிதில் கடந்து போகக்கூடியதன்று: மனித இயல்பு பிறப்போடு முடிந்து கையில் கிடைப்பதில்லை, அதை அடைய வேண்டியிருக்கிறது, அதை அடைவதற்கு நல்ல ஊரும் நல்ல ஆட்சியும் வேண்டியிருக்கின்றன.

தொடரின் உச்சம் இப்னு சீனாதான். 980 முதல் 1037 வரை வாழ்ந்த அந்த மருத்துவர் தந்த சிந்தனைச் சோதனையை ஆசிரியர் நிதானமாக, ஒவ்வொரு நிபந்தனையாகச் சொன்னார். ஒரு மனிதன் முழு வளர்ச்சியோடு திடீரெனப் படைக்கப்பட்டு வெட்டவெளியில் மிதக்கிறான், கண் மூடியிருக்கிறது, கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை, காற்றுகூட உறைக்கவில்லை. அப்போதும் அவன் தான் இருப்பதை அறிவான், உடல் இருப்பதை அறியமாட்டான், ஆகவே 'தான்' என்பது உடல் அன்று. இதைக் கேட்டதும், சைவ சித்தாந்தம் பயின்ற ராயபுரத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞான போதம் மூன்றாம் சூத்திரத்தில் 'எனதுடல் என்றலின்' என்று வருவதை நினைவூட்டினார். என் உடல் என்று சொல்லும்போதே சொல்பவன் உடலுக்கு வேறானவன் என்பது அங்குள்ள வாதம். அதே சூத்திரத்தில் 'உணர்த்த உணர்தலின்' என்றும் வருகிறது; உயிர் தானாக உணர்வதில்லை, உணர்த்தப்பட்டே உணர்கிறது. செயலூக்கும் அறிவைப் பற்றி முந்தைய வாரம் கேட்டிருந்த அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, ஒற்றுமையை மெச்சியதோடு நில்லாமல், சித்தாந்தத்தில் உணர்த்துபவன் இறைவனே, இப்னு சீனாவிடம் அது இறைவனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட ஓர் அறிவு என்று வேறுபாட்டையும் துல்லியமாக எடுத்துக்காட்டினார். தமிழில் இந்த வகுப்பு நடப்பதன் பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அதே அளவு கவனம் இஸ்லாமிய இறையியலாளரான இமாம் கஸ்ஸாலிக்குக் கிடைக்கவில்லை. 1095இல் மெய்யியலாளர்களை மறுத்து அவர் எழுதிய நூலில் இருபது சிக்கல்களை எடுத்துக்கொண்டு, உலகம் தொடக்கமற்றது, இறைவன் தனிப்பொருள்களைத் தனித்தனியே அறிவதில்லை, உடல் மீண்டும் எழுப்பப்படாது என்ற மூன்று கொள்கைகளை மட்டும் இறைமறுப்பு என்று தீர்ப்பளித்தார் என்பது வரை சரியாகவே சொன்னார்கள். ஆனால் அளவையியலை, அதாவது தருக்க முறையை, அவர் கைவிடவில்லை, ஆன்மாவைப் பற்றிய அவருடைய விளக்கத்தில் இப்னு சீனாவின் சாயல் நிறைய உண்டு என்பதைச் சொல்லாமல், எதிர்க்கட்சி வழக்கறிஞரைப் போல ஒரே மாலையில் அவரை அனுப்பிவிட்டது குறையே. கஸ்ஸாலியை வீட்டில் வாசித்து வளர்ந்தவர்கள் அந்த அறையில் பலர் இருந்தார்கள், அவர்களைப் பேசவைத்திருக்கலாம்.

கோர்தோபாவின் இப்னு ருஷ்து பற்றிய விவாதம் சூடானது. எல்லா மனிதருக்கும் சேர்த்து அறிவு ஒன்றே, என் உடலில் எழும் கற்பனைப் படிவங்கள் வழியாகவே அதில் எனக்குப் பங்கு என்று அவர் அரிஸ்டாட்டிலின் ஆன்மா நூலுக்கு எழுதிய பேருரையில் கொண்ட நிலைப்பாடு, 1270இல் பாரிசில் தாமஸ் அக்குவினாஸைத் தனி மறுப்பு நூல் எழுதவைத்தது. அதே ஆண்டில் அந்நகர ஆயர் இக்கருத்தைக் கண்டித்தார். அந்தப் பேருரையின் அரபி மூலம் சில துணுக்குகள் தவிரக் கிடைக்கவில்லை, லத்தீன் மொழிபெயர்ப்பே இன்று நமக்கு ஆதாரம் என்ற செய்தி பலருக்குப் புதிது.

யூத மெய்யியல் பகுதியில் மைமோனிடிஸ் என்ற மெய்யியலாளரைப் பற்றிய வகுப்பு மிக நன்று. கோர்தோபாவில் பிறந்து, துன்புறுத்தலால் ஊர் பெயர்ந்து, எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் மறைந்த அவர், தம் பெருநூலை எபிரேய எழுத்தில் அரபி மொழியில் எழுதினார். மனிதன் இறைச்சாயலில் படைக்கப்பட்டான் என்ற வேதவரியில் சாயல் என்பது உருவமன்று, அறிவே என்று முதல் அத்தியாயத்திலேயே நிறுவுகிறார். நூலின் இறுதியில் வரும் அரண்மனை உவமையை முழுமையாக வாசித்தோம்: ஊருக்கு வெளியே இருப்பவர்கள், ஊருக்குள் இருந்தும் அரண்மனைக்கு முதுகு காட்டி நிற்பவர்கள், வாசல் தேடிச் சுற்றிச் சுற்றி வருபவர்கள், அரசன் முன்னிலையை அடைந்தவர்கள்.

அப்போது துறைமுகத்தில் சுமைப்பணி செய்யும் ஒரு தோழர் கேட்டார்: படிக்க வாய்ப்பே கிடைக்காதவன் அரண்மனைக்கு வெளியேதானா, அவன் மனித இயல்பு குறைபட்டதா? தொடர் முழுவதிலும் இதைவிடத் தேவையான கேள்வி எழவில்லை. ஈட்டிய அறிவே எஞ்சும் என்ற கொள்கைக்கு இது நேராக வைக்கப்படும் தடை. இதற்கு யூத மரபுக்குள்ளேயே விடை தேடியவர் இருக்கிறார். 1410இல் தம் நூலை முடித்த ஹஸ்தாய் கிரெஸ்காஸ், மனிதனின் நிறைவு ஈட்டிய அறிவில் இல்லை, இறைவனை நேசிப்பதிலும் அவனுக்குப் பணிவதிலும் இருக்கிறது என்று வாதிட்டார். ஈட்டிய அறிவே அழியாதது என்று விரிவாக நிறுவிய, தமக்கு முந்தைய யூத மெய்யியலாளர் கெர்சோனிடிஸை அவர் எதிர்த்த விதத்தையும் சேர்த்துப் படித்திருந்தால் அந்தத் தோழருக்குத் தகுந்த பதில் கிடைத்திருக்கும். ஆனால் இந்த இருவரும், யூதக் கவிஞரும் மெய்யியலாளருமான யூதா ஹலேவியும், கடைசி மாலையின் பின்பாதிக்குள் திணிக்கப்பட்டார்கள். நேரமின்மையை ஆசிரியர் வருத்தத்தோடு சொன்னார். பாடத்திட்டம் வகுக்கும்போதே இதைக் கவனித்திருக்க வேண்டும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் யூதப் பவழ வணிகர்கள் வாழ்ந்த பவழக்காரத் தெரு நடந்துபோகும் தொலைவில் இருக்கும் இடத்தில் யூதப் பகுதி இப்படி மெலிந்தது கூடுதலாக உறுத்தியது.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிகள் செங்குத்தானவை, முதியவர்களுக்குத் துணை வேண்டும். தரப்படும் நகல் தாள்களில் ஆசிரியரே தமிழாக்கிய பகுதிகள் இருக்கின்றன. நடை தெளிவு, அச்சு மங்கல். அறிஞர் பெயர்கள் ஓரிடத்தில் அரபி வடிவிலும் ஓரிடத்தில் லத்தீன் வடிவிலும் வருவதால், இப்னு ருஷ்தும் அவெரோஸும் ஒருவரே என்பதைப் புதியவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மஃரிப் தொழுகைக்கு இடைவேளை உண்டு. தெரு இரைச்சல் அதன்பிறகுதான் அடங்குகிறது, ஆகவே கடினமான பகுதிகளை ஆசிரியர் அப்போது எடுக்கிறார். கட்டணம் ஒரு தொழிலாளியால் கொடுக்கக்கூடிய அளவே.

அரபியோ எபிரேயமோ தெரியாதவர்களும் தயங்காமல் சேரலாம். தமிழை ஊன்றி வாசிக்கும் பழக்கம் போதும். சித்தாந்தமோ கிறித்தவ இறையியலோ சற்றே பயின்றவர்கள் தங்கள் நூல்களையும் கையோடு கொண்டுவந்தால் வகுப்பு அவர்களால் வளரும். கிரெஸ்காஸுக்கும் கஸ்ஸாலிக்கும் தனித்தனி மாலைகள் ஒதுக்கும்படி அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது நடக்காவிட்டாலும் அடுத்த தொடருக்கு என் பெயரைப் பதிந்தாயிற்று.