தர்மபுரிப் பக்கம் பிள்ளைக்கு மனநல சிகிச்சை தேடும் பெற்றோர் கவனத்துக்கு: பெயரில்லாத மாத்திரைக் கவரை வாங்கி ஏமாந்தோம்

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். மகளுக்கு 12 வயது. போன வருடம் ஆடி மாதம் வாக்கில் கை கழுவுவதில் ஆரம்பித்தது. முதலில் சுத்தமான பிள்ளை என்று பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு சோப்பு மூன்று நாள்கூட வரவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. வீட்டுப்பாடத்தில் ஒரு வரியை எழுதி அழித்து, எழுதி அழித்து, தாளே கிழிந்துவிடும். ராத்திரி படுத்தால், "அம்மா, உனக்கு ஒன்னும் ஆகாதில்ல?" என்று இருபது முறையாவது கேட்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி "ஆகாதுடி" என்று சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் மாறினாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

என் மாமியார் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் ராத்திரி முழுக்க அவளை அணைத்துக்கொண்டு படுத்தவர் அவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது வீட்டுக்காரர் தயங்கினார். அவர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார், ஊரில் பாதிப் பேரைத் தெரியும். "அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு வாசல்ல நம்மள யாராவது பார்த்துட்டா, நாளைக்குப் பொண்ணு கேட்டு யார் வருவாங்க?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. தர்மபுரி டவுனில் ஒரு மையம், மருந்தில்லாமல் 21 அமர்வில் பூரண குணம், ரகசியம் காக்கப்படும். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நம்பித்தான் போனோம்.

கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கச் சான்றிதழ், பெயருக்கு முன்னால் டாக்டர். என்ன படித்த டாக்டர் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளையின் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, கலர் கலராகப் படம் எடுத்து, "வலது மூளை 38 சதவீதம் பலவீனம்" என்றார்கள். அதற்கு 4,500 ரூபாய். சிகிச்சைக்கு 48,000, முழுவதையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். என் செயினை அடகு வைத்துக் கட்டினோம். ரசீதில் "பயிற்சிக் கட்டணம்" என்று மட்டும் இருந்தது. பிள்ளையின் பெயர் எங்கும் இல்லை. ஃபைல் கேட்டதற்கு அந்த மையத்து டாக்டர், "ஃபைல் போட்டா ரெக்கார்டு ஆயிடும்மா. பொண்ணோட எதிர்காலத்துக்காகத்தான் எழுதல" என்றார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்தேன். எழுதாமல் விட்டது எங்களைக் காப்பாற்ற இல்லை, அவரைக் காப்பாற்றிக்கொள்ள என்பது பல மாதம் கழித்துத்தான் புரிந்தது.

மருந்தில்லாமல் என்ற பேச்சு இரண்டு வாரம்தான் நின்றது. அப்புறம் பழுப்புக் கவரில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அட்டை இல்லை, பெயர் இல்லை, சீட்டும் இல்லை. மூலிகை என்றார்கள். "மனநல டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதீங்க, ஆயுசு முழுக்க மாத்திரைதான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். மாத்திரை சாப்பிட்டதும் பிள்ளை கை கழுவுவது குறைந்தது, உண்மைதான். சாப்பாட்டுத் தட்டு முன்னாலேயே தூங்கி விழுந்தால் கை எங்கே கழுவுவாள்? வகுப்பில் பெஞ்சில் தலை கவிழ்ந்தே இருக்கிறாள் என்று டீச்சர் போன் செய்தார்.

அமர்வின்போது என்னை உள்ளே விடவில்லை. அம்மா இருந்தால் பிள்ளை பேசாது என்றார்கள். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்பது அமர்வு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை ஒரு ராத்திரி அவளாகவே சொன்னாள். செருப்பைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வாராம். அழுதால் சிரிப்பாராம். "நீ இப்படியே இருந்தா உங்கம்மா கவலைப்பட்டே செத்துடுவா" என்பாராம். எந்தப் பயம் அந்தப் பிள்ளையைத் தின்றுகொண்டிருந்ததோ, அதையே எடுத்து அவள் தலையில் போட்டிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அன்றைக்கு ராத்திரியே 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற அரசு இலவச எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம். எதிரில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மாத்திரைக் கவரோடு மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஓபி சீட்டு போட்டோம். மாத்திரையைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. இது தூக்க மருந்து வகையாக இருக்கலாம், அப்படியானால் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று, அதை நிறுத்தும்வரை சில நாள் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

நோய்க்குப் பெயர் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் பயமும் விடாமல் வந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். இதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் எதுவும் கிடையாது, பேசிக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கலர் படத்தை டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார். பிள்ளையிடம் தனியாகப் பேசினார், அப்புறம் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். "ஆகாதுடி" என்று நான் சொல்லும் ஒவ்வொரு பதிலும் அந்த நோய்க்குத் தீனி என்று அவர் சொன்னபோது அழுதுவிட்டேன். திட்டவில்லை, எப்படிக் குறைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். மாமியாருக்கும் தனியாக விளக்கினார்.

தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்து பார்க்கும் பயிற்சி இங்கேயும் உண்டு. ஆனால் எது சுலபம், எது கஷ்டம் என்று பிள்ளையே நோட்டில் வரிசை எழுதினாள். முதல் படி கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு இரண்டு நிமிஷம். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த படி. சிறிய அளவில் மாத்திரையும் உண்டு, பெயர் சீட்டில் இருக்கிறது, பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். எல்லாம் இலவசம். இடையில் ஒரு முறை ரயிலேறி பெங்களூருவில் இருக்கும் மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கும் போய்வந்தோம். அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்கு ஓசூர் ரோட்டிலேயே வரும்.

அதனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநலம் படித்திருப்பார், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கும், அவர் மாத்திரை எழுத மாட்டார். வேறு டாக்டரிடம் போகாதே என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். ஊருக்குத் தெரியும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஓபி வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவரைப் பார்த்தேன், அவரும் பேரனைக் கூட்டி வந்திருந்தார். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்தோம்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். கை கழுவ ஐந்து நிமிஷம் ஆகிறது, சில நாள் பத்து. ராத்திரிக் கேள்வி இரண்டு மூன்று முறையில் நின்றுவிடுகிறது.

அந்த மையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, திருப்பித் தர முடியாது என்று படிவத்தில் கையெழுத்து போட்டிருக்கிறீர்களே என்றார்கள். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் கையில் ஆதாரமாக இருப்பது ஒரு ரசீது, அந்தக் கலர் படம், மிச்சமிருந்த ஆறு மாத்திரை. இதேபோல் பழுப்புக் கவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் பிள்ளைக்குக் கொடுப்பதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.