ரிச்சி தெருவை ஒட்டிய மாடிக் கடையும் என் பழைய ஆம்ப்ளிஃபையரும்

என் மாமா 1981இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய ஆம்ப்ளிஃபையரில் சென்ற ஆண்டு ஒரு கோளாறு தொடங்கியது. ஒலியைக் குறைத்து வைத்தால் இடப்பக்க ஸ்பீக்கர் மெல்ல மங்கி நின்றுவிடும். சற்றுக் கூட்டினால் மீண்டும் பாடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற இரைச்சல் வேறு. முதலில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்து, போர்டையே மாற்ற வேண்டும், அந்தப் போர்டு இப்போது கிடைக்காது என்று சொல்லி, பரிசோதனைக் கட்டணமாக 1,500 ரூபாயும் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். மேல்மூடித் திருகுகளின் பள்ளத்தில் படிந்திருந்த பழைய தூசு அப்படியே இருந்தது. அவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதன்பின் நண்பர் ஒருவர் சொல்லி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தொன்றில் முதல் மாடியில் இருக்கும் சிறிய கடைக்குப் போனேன். தன் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. அவர் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார்: போட்டவுடனே நிற்கிறதா, சூடேறிய பிறகு நிற்கிறதா, ஹெட்போனிலும் நிற்கிறதா, இட வல வயர்களை மாற்றிச் செருகினால் கோளாறும் பக்கம் மாறுகிறதா. ஹெட்போனில் இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கேட்கிறது என்று நான் சொன்னதுமே, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்ற சுவிட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

என் கண்ணெதிரே மூடியைக் கழற்றி, மின்சாரத்தை 100 வாட் குண்டு பல்பு வழியாகவே செலுத்தும் சீரீஸ் போர்டில் இணைத்து, பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியதைப் பார்த்து உள்ளே ஷார்ட் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் நேரடி மின்சாரம் கொடுத்தார். ரிலேயின் மூடியை எடுத்துக் காட்டினார்; அதன் முனைகள் கறுத்துப் போயிருந்தன. அந்தக் கறுப்புப் படலத்தைக் குறைந்த ஒலியின் சிறிய மின்சாரம் தாண்ட முடியாது, ஒலியைக் கூட்டும்போது தாண்டிவிடும் என்று அவர் விளக்கியபோது, ஒரு வருடமாக எனக்குப் புரியாமலிருந்தது புரிந்தது. கடுகு வெடிக்கும் இரைச்சலுக்குக் காரணம் 2எஸ்சி458 என்ற பழைய சிறு டிரான்சிஸ்டர்கள். லென்ஸ் வழியே பார்த்தபோது அவற்றின் கால்கள் புகைபிடித்தது போல் கறுத்திருந்தன. மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர்களை அசையாமல் நிறுத்த அக்காலத்தில் தடவிய பசை பழுப்பாக இறுகி, பக்கத்துக் கம்பிகளை அரிக்கத் தொடங்கியிருந்ததையும் சுட்டிக்காட்டினார்.

செலவு 6,800 ரூபாய் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் கேட்காமல் செய்யமாட்டேன் என்றார், அப்படியே நடந்துகொண்டார். சிறிய கெபாசிட்டர்களுக்குப் பதில் 105 டிகிரி தாங்கும் நிச்சிகான் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வகையைப் போட்டார். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், நம் ஊர்ச் சூட்டில் 85 டிகிரி வகையை அவர் வாங்குவதே இல்லை. பெரிய பவர் சப்ளை கெபாசிட்டர்களை மட்டும் மாற்றவில்லை. "அளவு சரியாகவே இருக்கிறது சார், வீணாகச் செலவு செய்ய வேண்டாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் மீண்டும் போவேன்.

மேசையில் மேற்புறம் உடைக்கப்பட்ட இரண்டு பவர் டிரான்சிஸ்டர்கள் கிடந்தன. இரண்டிலும் தோஷிபா 2எஸ்சி5200 என்றே அச்சிட்டிருந்தது. ஒன்றின் உள்ளே சில்லு பொட்டுக்கடலை அளவு, மற்றதில் எள்ளளவு. இரண்டாவது போலி. இப்படிப்பட்ட போலியைப் போட்டுக் கொடுத்தால் குறைந்த ஒலியில் நன்றாகவே பாடும், ஒருநாள் கூட்டி வைக்கும்போது வெடித்து ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதனால் பாகங்களை எங்கே வாங்கினார் என்ற ரசீதையும் பில்லோடு இணைத்துத் தருகிறார், கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பாலித்தீன் உறையில் போட்டுத் தருகிறார்.

இரண்டு வாரம் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். ஆனால் தாமதத்தை முன்கூட்டியே போனில் சொன்னார். ஸ்பீக்கர் முனையில் 84 மில்லிவோல்ட் இருந்த டிசி கசிவு, அதாவது ஸ்பீக்கருக்குப் போகக் கூடாத நேர்மின்சாரம், 9க்கு இறங்கியிருந்தது. பின்புறத்து வோல்டேஜ் சுவிட்ச் இத்தனை ஆண்டுகளாக 220இல் இருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்து 240க்கு மாற்றினார். பெட்டி இப்போது முன்போல் கொதிப்பதில்லை. மூன்று மாத உத்தரவாதத்தைப் பில்லிலேயே எழுதியிருந்தார். இரண்டாம் மாதம் வால்யூம் குமிழ் கரகரத்தபோது, உட்காரவைத்துச் சுத்தம் செய்து கொடுத்து, காசு வாங்கவில்லை.

எச்டிஎம்ஐ உள்ள ஹோம் தியேட்டர் ரிசீவர்களை அவர் எடுப்பதில்லை. கூரியரில் அனுப்பினாலும் வாங்கமாட்டார். நேரில்தான் கொண்டுபோக வேண்டும். படிகள் குறுகலானவை என்பதால் 15 கிலோ பெட்டியோடு போகிறவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. என் கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் உருகித் தார்போல் ஒட்டிக்கிடக்கிறது. அதையும் அடுத்த வாரம் அவரிடமே எடுத்துப் போகிறேன்.