ஸ்டோரேஜ் வெண்டார் நடத்தும் அட்வான்ஸ்டு கோர்ஸ்: காசு கொடுக்கலாமா?

நெட்ஆப் கம்பெனியின் ஸ்டோரேஜ் மென்பொருளான ஆன்டாப் பற்றிய பெர்ஃபார்மன்ஸ் கோர்ஸ் முடித்து வந்ததிலிருந்து டீமில் ஆளாளுக்கு ஒரே கேள்விதான். அட்மின் கோர்ஸ் முடிச்சாச்சு, தினமும் வால்யூம் (டேட்டா வைக்கும் பகுதி) கொடுக்கிறோம், லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க் போலத் தெரியும் இடம்) மேப் பண்ணுகிறோம், இதற்கு மேல் வெண்டாரிடம் போய் உட்கார என்ன இருக்கிறது? என் பதில்: பெர்ஃபார்மன்ஸ், ட்ரபிள்ஷூட்டிங் இரண்டுக்கும் கண்டிப்பாகப் போங்கள். புது வெர்ஷனில் என்ன வந்திருக்கிறது என்று காட்டும் வகைக் கோர்ஸுக்குப் போகவே வேண்டாம், ரிலீஸ் நோட்ஸை ஒரு மதியம் உட்கார்ந்து படித்தால் போதும்.

அட்மின் கோர்ஸ் எந்த வேலையை எங்கே போய்ச் செய்வது என்று சொல்லித்தரும். சர்வர் எழுதும் டேட்டா உள்ளே எந்த வழியாகப் போகிறது என்பதை மேலோட்டமாகத்தான் தொடும். அந்த வழி தெரியாவிட்டால் "ஸ்டோரேஜ் ஸ்லோ" என்று டிக்கெட் வந்ததும் டிஸ்க் பிஸியா என்று பார்ப்பதோடு நம் கை நின்றுவிடும்.

ஆன்டாப்பில் ரைட் நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. மெமரிக்கு வரும், என்விராமில் (கரண்ட் போனாலும் டேட்டா அழியாத மெமரி) லாக் ஆகும், ஜோடியாக ஓடும் பார்ட்னர் நோடின் (இன்னொரு கன்ட்ரோலர்) என்விராமுக்கும் ஒரு பிரதி போகும், அந்த இடத்திலேயே "எழுதியாச்சு" என்று சர்வருக்குப் பதில் போய்விடும். டிஸ்க்கில் எழுதுவது அப்புறம்தான், கன்சிஸ்டன்ஸி பாயின்ட் (சிபி) என்ற பெயரில் மொத்தமாக. 10 செகண்டுக்கு ஒருமுறை நடக்கும், அதற்குள் என்விராமில் ஒரு பாதி நிறைந்துவிட்டால் காத்திருக்காமல் அப்போதே தொடங்கிவிடும். அந்தப் பாதி டிஸ்க்கில் இறங்கி முடிவதற்குள் மறு பாதியும் நிறைந்துவிட்டால் அதுதான் பேக் டு பேக் சிபி, புதிதாக வரும் ரைட் எல்லாம் வரிசையில் நிற்கும், லேட்டன்சி (ஒரு ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் வர ஆகும் நேரம்) எகிறும். சிஸ்ஸ்டாட் என்ற கமாண்டின் அவுட்புட்டில் சிபி டைப் இருக்கும் இடத்தில் கேப்பிட்டல் பி வந்துகொண்டே இருந்தால் இதுதான் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அக்ரிகேட்டை (டிஸ்க்குகளைச் சேர்த்து உருவாக்கும் மொத்த இடம்) ஏன் முழுக்க நிரப்பக் கூடாது என்பதும் புரிந்துவிடும்: சேர்ந்தாற்போல் காலியிடம் கிடைக்காவிட்டால் டிஸ்க்கில் இறக்குவது மெதுவாகும், அந்தத் தாமதம் கடைசியில் சர்வர் வரைக்கும் வந்து நிற்கும்.

இவ்வளவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து ஒரு நிஜமான கவுன்ட்டர் டம்ப்பை (சிஸ்டம் பதிவு செய்த பெர்ஃபார்மன்ஸ் எண்களின் தொகுப்பு) திறந்து "இங்கே பார், இதை விட்டுவிட்டு இதைப் பார்" என்று சொல்லும்போதுதான் அது கையில் பழகுகிறது.

எனக்கு உடனே பலன் தந்தது வால்யூம் லேட்டன்சியைப் பிரித்துக் காட்டும் கமாண்ட், க்யூஓஎஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வால்யூம் லேட்டன்சி ஷோ. மொத்த லேட்டன்சியில் நெட்வொர்க் எவ்வளவு, கிளஸ்டர் (நோடுகளுக்கு இடையே போகும் வழி) எவ்வளவு, டேட்டா, டிஸ்க், க்யூஓஎஸ் (வேகத்துக்கு நாம் போடும் லிமிட்) எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டுவிடும். கிளஸ்டர் பகுதி அதிகமா? லிஃப் (சர்வர் வந்து இணையும் நெட்வொர்க் முகவரி) ஒரு நோடில், வால்யூம் இன்னொரு நோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோர்ஸ் முடிந்து வந்த கையோடு டேட்டாபேஸ் டீமிலிருந்து பழைய புகார் ஒன்று திரும்ப வந்தது, புது டிஸ்க் ஷெல்ஃப் வாங்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. கமாண்டை ஓட்டினால் டிஸ்க் பகுதியில் ஒன்றுமே இல்லை, கிட்டத்தட்ட முழு லேட்டன்சியும் க்யூஓஎஸ் பகுதியில்! எப்போதோ டெஸ்டிங்குக்காக யாரோ போட்டு வைத்த லிமிட் அப்படியே கிடந்திருக்கிறது. லிமிட்டை எடுத்தோம், புகார் முடிந்தது, ஷெல்ஃப் பேச்சும் முடிந்தது.

இன்னொன்று லிட்டில்ஸ் லா. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது, எந்த வெண்டார் பெட்டிக்கும் பொருந்தும். ஒரே நேரத்தில் நிலுவையில் நிற்கும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கை என்பது ஐஆப்ஸையும் (ஒரு செகண்டில் முடியும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கை) லேட்டன்சியையும் பெருக்கினால் வருவது. க்யூ டெப்த் (ஒரே நேரத்தில் நிலுவையில் நிற்கக்கூடிய ரிக்வெஸ்ட்) 32, லேட்டன்சி 1 மில்லிசெகண்ட் என்றால் அதிகபட்சம் 32,000 ஐஆப்ஸ். லேட்டன்சி 2 ஆனால் 16,000 தான். ஸ்டோரேஜ் சும்மா இருக்கும்போதே சர்வர் பக்கம் வேகம் ஏன் ஏறவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் பல நேரங்களில் இந்தக் கணக்கே பதில் சொல்லிவிடும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். எல்லாமே ட்ரெய்னர் கையில்தான். பெர்ஃபார்மன்ஸ் கோர்ஸ் எடுத்தவர் சப்போர்ட்டில் எஸ்கலேஷன் பார்த்தவர், கேள்வி கேட்டால் ஸ்லைடை மூடிவிட்டு போர்டில் வரைய ஆரம்பித்துவிடுவார். வேறொரு வெண்டாரின் ரெப்ளிகேஷன் கோர்ஸுக்கும் போயிருக்கிறேன், அங்கே வந்தவர் ஸ்லைடை வரி வரியாகப் படித்தார், எதைக் கேட்டாலும் "மெயில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றார், பதில் வரவே இல்லை. இரண்டுமே அட்வான்ஸ்டு என்ற பெயரில் விற்கப்படுபவைதான். அதனால் பதிவு செய்யும் முன் யார் எடுக்கிறார், ஃபீல்டில் வேலை பார்த்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். லேப் நிஜ ஹார்ட்வேரா சிமுலேட்டரா என்றும் கேளுங்கள். கான்ஃபிகரேஷன் பழக சிமுலேட்டர் அருமையானது, நெட்ஆப் தன் கஸ்டமர்களுக்கே அதைக் கொடுக்கிறது, சொந்த லேப்டாப்பில் போட்டுப் பழகலாம். ஆனால் அதில் வரும் லேட்டன்சி எண்களுக்கு அர்த்தமே கிடையாது. பெர்ஃபார்மன்ஸ் கோர்ஸின் லேப்பை சிமுலேட்டரில் நடத்தினால் நிஜ சிஸ்டத்தில் எடுத்த டேட்டாவையாவது படிக்கக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த லேப் வீண்.

போகும்போது உங்கள் சிஸ்டத்தின் டேட்டாவை எடுத்துக்கொண்டு போங்கள், ஆபீஸில் அனுமதி வாங்கி, ஹோஸ்ட் பெயர்களை மாற்றிவிட்டு. இடைவேளையில் ட்ரெய்னரிடம் அதைக் காட்டிக் கேட்கும் கால் மணி நேரத்துக்கே பாதிக் காசு தகும்.

காசு என்றதும், கைக்காசு போட்டுப் போகாதீர்கள். ஃபீஸ் தனி ஆள் கட்டும் அளவில் இல்லை. புது ஸ்டோரேஜ் வாங்கும்போதே ட்ரெய்னிங் கிரெடிட்டையும் கோட்டேஷனில் சேர்க்கச் சொல்லி மேனேஜரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஆர்டர் கையெழுத்தாகும் முன் சேல்ஸ்காரர்கள் இதில் தாராளமாகத்தான் இருப்பார்கள், கையெழுத்தான பிறகு தனியாகக் கேட்டால் லிஸ்ட் விலை சொல்வார்கள். கிரெடிட்டுக்குக் காலாவதி தேதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து சில மாதமே ஆன ஆளை அனுப்ப வேண்டாம், ப்ரொடக்ஷனில் அடிபட்டு, விடை தெரியாத கேள்விகளோடு இருப்பவரை அனுப்புங்கள். அடுத்த வருடம் வேறு வெண்டாருக்கு மாறப் போகிறீர்கள் என்றால் இந்தக் கோர்ஸை விட்டுவிட்டு அந்தப் புது வெண்டாரிடம் கேட்டு வாங்குங்கள்.